எள்ளில்லாத தண்ணீர்

சித்திரை பிறந்துவிட்டால் எங்கள் தெருமுனையில் தண்ணீர்ப் பந்தல் போட்டுவிடுவார்கள். மேலே தென்னங்கீற்று, கீழே மணல் பரப்பி இரண்டு மண்பானை, பானையைச் சுற்றி ஈரத்துணி, பக்கத்தில் நீர்மோர் அண்டா. பந்தலைவிட உயரமாக ஒரு விளம்பரத் தட்டி. அதில் பந்தல் போட்டவரின் முகம் சிறிதாகவும் அவருடைய தலைவரின் முகம் பெரிதாகவும் இருக்கும். இதை நான் கேலிக்காகச் சொல்லவில்லை. வெயிலில் வருகிறவனுக்கு ஒரு டம்ளர் மோர் கொடுக்கிறவன் எந்தக் கட்சிக்காரனாக இருந்தாலும் புண்ணியவான்தான். போன வருஷம் அந்தப் பந்தலுக்கு நானும் ஐந்நூறு ரூபாய் கொடுத்தேன்.

ஐந்நூறு ரூபாய் கொடுத்த அதே மாதத்தில், என் வீட்டுப் பின்னறையில் என் தாயார் தண்ணீர் இல்லாமல் காய்ந்துகொண்டிருந்தாள்.

குழாயில் தண்ணீர் வரவில்லையோ என்று நினைத்துவிடாதீர்கள். தாராளமாக வந்தது. சமையலறையில் சுத்திகரிக்கும் இயந்திரம் இருக்கிறது. குளிர்பெட்டியில் ஆறு பாட்டில் இருக்கிறது. அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு, அதன்மேல் ஒரு லிட்டர் பாட்டிலை நானே தினமும் காலையில் நிரப்பி வைப்பேன். மறுநாள் காலையில் பாட்டில் முக்கால்வாசி அப்படியே இருக்கும். பழைய தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டுப் புதிதாக நிரப்பி வைப்பேன். மகனின் கடமை முடிந்தது என்ற திருப்தியோடு எழுத உட்கார்ந்துவிடுவேன். செடி நன்றாகத் தழைத்தது.

வைகாசி பிறக்க நாலு நாள் இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமை காலை, அம்மா என் மனைவியை என் அத்தையின் பெயரைச் சொல்லி அழைத்தாள். அத்தை காலமாகிப் பதினைந்து வருஷம் ஆகிறது. "மாட்டைப் பிடிச்சுக் கட்டினியோ?" என்றும் கேட்டாள். நாங்கள் குடியிருப்பது மூன்றாவது மாடி. "வயசு 76 ஆகிறது. இனிமேல் இப்படித்தான் இருக்கும்" என்று நான் பெரிய தத்துவஞானியைப்போலச் சொன்னேன். மத்தியானம் கட்டிலிலிருந்து எழுந்தவள் தலை சுற்றி விழுந்தாள். எலும்பு முறியவில்லை, தெய்வாதீனம். அப்புறம் ஆட்டோ, ஆஸ்பத்திரி.

அங்கே இருந்தது ஒரு சின்னப் பெண் டாக்டர். அம்மாவின் நாக்கைப் பார்த்தாள். படுத்தபடி ஒரு தடவையும் உட்காரவைத்து ஒரு தடவையும் ரத்த அழுத்தம் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்து, "அம்மா நேத்து எத்தனை தடவை சிறுநீர் போனாங்க, சார்?" என்று கேட்டாள்.

நான் விழித்தேன். அம்மாவின் நட்சத்திரம் எனக்குத் தெரியும். அவளுக்கு ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று தெரியும். அவள் கல்யாணத்துக்கு நாதஸ்வரம் வாசித்தவர் எந்த ஊர்க்காரர் என்பதுகூடத் தெரியும்; அதை ஒரு கதையில் எழுதி நாலு பேரிடம் பாராட்டு வாங்கியிருக்கிறேன். இது மட்டும் தெரியவில்லை. வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை.

கையில் ஊசி குத்திச் சொட்டுச் சொட்டாக நீர் ஏற்றினார்கள். மறுநாள் சாயங்காலம் அம்மாவுக்குத் தெளிவு வந்துவிட்டது. அத்தையும் மாடும் போன இடம் தெரியவில்லை. புத்தி பேதலித்ததாக நான் தீர்ப்புச் சொன்னேனே, அது வெறும் வறட்சி. தத்துவஞானிக்குக் கோபம் வந்தது. "பக்கத்திலேயே பாட்டில் இருக்கே அம்மா! எடுத்துக் குடிக்கிறதுக்கு என்ன?" என்று சத்தம் போட்டேன்.

அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு பதில் சொன்னாள். "குடிச்சா ராத்திரி ரெண்டு தடவை எழுந்திருக்கணும்டா. அந்தப் பாத்ரூம் படி எனக்குப் பயமா இருக்கு. உன்னை எழுப்பினா உன் தூக்கம் போயிடும். நீ விடியக்காலம் எழுந்து எழுதணுமே." சற்று நேரம் கழித்து, மன்னிப்புக் கேட்கிறவளைப்போல, "அந்த பாட்டில் மூடியும் எனக்குத் திறக்க வரல்லே" என்றாள்.

மாலை நாலு மணிக்கு மேல் ஒரு வாய் தண்ணீரும் குடிப்பதில்லை என்று அவள் மூன்று வாரமாக ஒரு விரதம் வைத்திருக்கிறாள். மொட்டைமாடிக்குக் கீழே அவள் அறை. பகலெல்லாம் குடித்த வெயிலைக் கான்கிரீட் தளம் இரவெல்லாம் அந்த அறைக்குள் கக்கும். அந்த அறையில் என் தூக்கத்துக்காக அவள் தாகத்தோடு படுத்திருந்தாள். அந்த மூன்று வாரமும் விடியக்காலையில் எழுந்து நான் எதை எழுதிக்கொண்டிருந்தேன் தெரியுமா? ஒரு தாயின் தியாகத்தைப் பற்றிய நாவலின் ஏழாம் அத்தியாயம்.

வெட்கத்தைச் சொல்லிவிட்டேன். இத்தோடு நிறுத்தினால் நீங்கள் 'ஐயோ பாவம்' என்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். அதற்காக நான் எழுத வரவில்லை. உங்களோடு சண்டை போட வந்திருக்கிறேன். ஏனென்றால், அதற்குப் பிறகு நான் விசாரித்த வீடுகளில் பாதி வீடுகள் என் வீட்டைப் போலவே இருக்கின்றன. அங்கே எனக்குக் கிடைத்த சமாதானங்களும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அந்தச் சமாதானங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறேன்.

முதல் சமாதானம்: "கேட்டால் கொடுக்க மாட்டோமா?"

நானும் இதைத்தான் என் மனைவியிடம் சொன்னேன். அவள், "உங்களுக்கு ஒரு நாளைக்கு மூணு தடவை மேஜைக்குக் காப்பி வருதே, எந்தத் தடவை கேட்டு வந்தது?" என்றாள். இதற்கு என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருந்தால் எழுதி அனுப்புங்கள்.

கேட்க மாட்டார்கள் என்பது ஒரு பக்கம். கேட்கத் தோன்றாது என்பது அதைவிடப் பெரிய விஷயம். நான் டாக்டரல்ல, கல்லூரிப் படிப்பையே இரண்டு வருஷத்தோடு நிறுத்திக்கொண்டவன். அந்தப் பெண் டாக்டர் பொறுமையாக விளக்கியதையும், பிறகு நானே தேடிப் படித்ததையும் வைத்துச் சொல்கிறேன். உடம்பில் தண்ணீர் குறைந்தால் மூளை தாகம் என்ற மணியை அடிக்கிறது. வயசாக ஆக அந்த மணியின் சத்தம் குறைந்துபோகிறது. 1984-ல் ஆக்ஸ்ஃபோர்டு டாக்டர்கள் சிலர் இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 70 வயதை ஒட்டிய, நல்ல ஆரோக்கியமுள்ள ஆண்களையும் இளைஞர்களையும் 24 மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் இருக்கச் சொன்னார்கள். பிறகு எதிரே தண்ணீரை வைத்து, வேண்டியதைக் குடியுங்கள் என்றார்கள். இளைஞர்கள் வேண்டிய அளவு குடித்தார்கள். பெரியவர்களின் ரத்தம் இளைஞர்களின் ரத்தத்தைவிட அதிகமாகவே வறண்டிருந்தும், அவர்களுக்கு அவ்வளவாகத் தாகம் தெரியவில்லை, குறைவாகத்தான் குடித்தார்கள். வியாதிக்காரர்களுக்கு அல்ல, திடகாத்திரமானவர்களுக்கே இந்தக் கதி.

இதோடு முடியவில்லை. வாலிபத்தில் உடம்பின் எடையில் பத்தில் ஆறு பங்கு தண்ணீர். முதுமையில் ஏறக்குறையப் பாதிதான். சேமிப்பே குறைவு. தண்ணீர் குறையும்போது சிறுநீரைச் சுண்டவைத்து மிச்சம் பிடிக்கும் வேலையைச் சிறுநீரகம் பழைய சாமர்த்தியத்தோடு செய்வதில்லை. போதாக்குறைக்கு, ரத்த அழுத்தத்துக்கென்று கொடுக்கும் மாத்திரைகளில் சில, சிறுநீரை அதிகமாகப் பிரியச் செய்கிறவை. சர்க்கரை கட்டுக்கு மீறினால் அதுவும் நீரை இழுத்துக்கொண்டு போகும். வருமானம் குறைந்து, செலவு அதிகமாகி, பெட்டி காலி என்று சொல்லவேண்டிய கணக்கப்பிள்ளையும் தூங்கிவிட்ட வீடு அது. அந்த வீட்டு வாசலில் நின்றுகொண்டு, "கேட்டால் கொடுக்க மாட்டோமா?" என்கிறோம்.

இரண்டாவது சமாதானம்: "கொடுத்தோம், அவங்கதான் வேண்டாம்னுட்டாங்க."

ஏன் வேண்டாம் என்றார்கள் என்று யாராவது கேட்டீர்களா? மரியாதைப்பட்ட குடும்பங்களில் வாய்விட்டுப் பேசக் கூசுகிற ஒரு விஷயத்தை இங்கே நான் பேசியாகவேண்டும். உள்ளே போகிற தண்ணீர் வெளியே வந்தாகவேண்டும். நம்முடைய முதியவர்கள் தண்ணீருக்குப் பயப்படவில்லை; கழிப்பறைக்குப் பயப்படுகிறார்கள். அது வீட்டின் கடைசியில் இருக்கிறது. வாசலில் அரை அடி உயரத்துக்கு ஒரு படி. உள்ளே பளபளவென்று தரை, அதன்மேல் எப்போதும் ஈரம். பிடித்துக்கொள்ள ஒன்றும் கிடையாது. பல வீடுகளில் இன்னமும் குந்தி உட்காரவேண்டிய பீடம். முழங்கால் வலிக்காரர்களுக்கு அதில் உட்கார்ந்தால் எழுந்திருப்பது ஒரு யுத்தம். விளக்கின் சுவிட்ச் கதவுக்கு அந்தப் பக்கம்.

பெண்களுக்கு இன்னொரு துன்பம். நாலைந்து பிள்ளை பெற்ற உடம்பு. இருமினால், தும்மினால், அவசரமாக எழுந்தால் புடவை நனைந்துவிடுகிறது. ஆண்களுக்குச் சுரப்பி வீங்கி இரவில் நாலு தடவை எழவேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் வைத்தியம் உண்டு. ஆனால் அம்மா அதை மகனிடம் சொல்வாளா? மாமனார் மருமகளிடம் சொல்வாரா? அவர்கள் கண்டுபிடித்த வைத்தியம் ஒன்றே ஒன்று: குடிக்காமல் இருந்துவிடுவது. சித்திரை வைகாசி முகூர்த்தங்களுக்குப் புறப்படும் பெரியவர்களைக் கவனித்துப் பாருங்கள். காலையில் அரை டம்ளர் காப்பியோடு வாயைக் கட்டிக்கொண்டுவிடுவார்கள். கல்யாண மண்டபத்துக் கழிப்பறை எந்த மாடியில் இருக்குமோ, எப்படி வழுக்குமோ என்ற கவலை. பட்டுப்புடவையில் வியர்த்து வழிந்தபடி, "எனக்கு ஒண்ணும் வேண்டாம், நீங்க சாப்பிடுங்கோ" என்று சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்தச் சிரிப்பை நாம் திருப்தி என்று நினைத்துக்கொள்கிறோம்.

ஆகையால்தான் சொல்கிறேன்: வயசானவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது என்ற காரியம் சமையலறையில் ஆரம்பிப்பதில்லை, கழிப்பறையில் ஆரம்பிக்கிறது. கொத்தனாரைக் கூப்பிட்டுப் படியைச் சரிவாக்காமல், சுவரில் ஒரு கைப்பிடி பொருத்தாமல், இரவு முழுதும் எரியும் ஒரு சிறு விளக்குப் போடாமல், "நிறையத் தண்ணி குடிங்க" என்று உபதேசம் செய்கிறவன் அவர்களைத் துன்புறுத்துகிறான். நான் ஒரு வருஷம் அப்படித் துன்புறுத்தினேன்.

மூன்றாவது, சமாதானம்கூட அல்ல, ஆசாரம். டம்ளரை வாயில் வைத்துக் குடித்தால் எச்சில், அண்ணாந்துதான் குடிக்கவேண்டும். எத்தனையோ வீடுகளில் பேரன் பேத்திகள் பாட்டிலை உதட்டில் வைத்துக் குடிக்கிறார்கள். தாத்தாவும் பாட்டியும் மட்டும் அண்ணாந்து குடிக்கிறார்கள். 20 வயதில் அது பழக்கம். 75 வயதில் கழுத்து வளையாது, கை நடுங்கும், தண்ணீர் மூக்கிலும் மார்பிலும் விழும். தலையைப் பின்னால் சாய்த்தால் தண்ணீர் மூச்சுக்குழாய்ப் பக்கம் போவதும் சுலபம். இரண்டு தடவை புரையேறினால் மூன்றாவது தடவை டம்ளரைக் கண்டாலே பயம் வந்துவிடும். ஆசாரத்தை நான் குறை சொல்லவில்லை. ஒவ்வொருவருக்கும் தனி டம்ளர் வைத்துவிட்டால் எச்சில் எங்கே வந்தது? கைப்பிடி வைத்த, கனமில்லாத ஒரு குவளை வாங்கிக் கொடுங்கள். உதட்டில் வைத்து, நிமிர்ந்து உட்கார்ந்து, முகவாயைச் சற்றுத் தாழ்த்தி, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கட்டும். அதனால் எந்தத் தெய்வமும் கோபித்துக்கொள்ளாது.

நான்காவது சமாதானம் சொல்கிறவர் எப்போதும் ஒரு பெரியவர்தான். "எங்க காலத்திலே லிட்டர் கணக்குப் பார்த்தா குடிச்சோம்?" வாஸ்தவம், பார்க்கவில்லை. விடிந்ததும் ஒரு செம்பு நீராகாரம் குடித்தீர்கள். மத்தியானம் ரசத்தைக் கையில் வாங்கி உறிஞ்சினீர்கள். சாதத்தில் மோரை அணைகட்டிச் சாப்பிட்டீர்கள். ராமநவமிக்குப் பானகம், கோடைக்கு நுங்கு, வெள்ளரிப்பிஞ்சு. சோற்றோடு சோறாகத் தண்ணீர் உள்ளே போய்க்கொண்டிருந்தது. இன்றைக்குச் சர்க்கரை வியாதிக்காக ராத்திரி இரண்டு வறண்ட சப்பாத்தி, கொழுப்புக்காகக் காலையில் இட்லியோடு மிளகாய்ப்பொடி. ஓட்டு வீடும் முற்றமும் போய், தளம் போட்ட பெட்டிக்குள் கோடையைக் கழிக்கிறீர்கள். பழைய காலத்தைப் புகழ்ந்து நான் ஏமாறத் தயாரில்லை. அந்தக் காலத்திலும் கொல்லைக்கோடியில் இருந்த கழிப்பிடத்துக்கு லாந்தரோடு போகப் பயந்து தாகத்தை அடக்கிக்கொண்ட பாட்டிகள் இருந்திருப்பார்கள். யார் கணக்கு எடுத்தார்கள்?

கணக்கு என்றதும் ஒரு விஷயம் சொல்லவேண்டும். வெள்ளைக்காரன் பெற்றோரைக் கைவிட்டுவிடுவான், நாம் கண்ணில் வைத்துக் காப்பாற்றுகிறோம் என்று நமக்கு ஒரு பெருமை இருக்கிறது. 2003 ஆகஸ்டில் பிரான்ஸ் தேசத்தில் கடுமையான அனல் அடித்தது. வழக்கத்துக்கு மேல் சுமார் 15,000 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் 75 வயதைத் தாண்டியவர்கள். அது அங்கே விடுமுறை மாதம். ஊரில் பாதிப் பேர் கடற்கரைகளுக்குப் போயிருந்தார்கள். பாரிஸில் யாரும் வந்து கேட்காத 57 உடல்களைச் செப்டம்பர் மாதத்தில் அரசாங்கமே அடக்கம் செய்தது. குடியரசுத் தலைவர் ஷிராக் நேரில் போய் நின்றார். இதைப் படித்தபோது, "பார்த்தாயா, அவர்கள் லட்சணத்தை!" என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது.

ஆனால் அவர்கள் வெட்கப்பட்டார்கள். அந்த வெட்கத்தோடு காரியமும் செய்தார்கள். மறு வருஷமே ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். தொழிலாளிகள் வருஷத்தில் ஒரு நாள் சம்பளமில்லாமல் கூடுதலாக உழைக்கவேண்டும். அதற்கு ஈடாக முதலாளிகள் முதியோர் நலனுக்கும் ஊனமுற்றோர் நலனுக்கும் பணம் கட்டவேண்டும். தேசமே சேர்ந்து தட்டில் போட்ட அபராதம் அது. நம் நாட்டிலும் 2010 மே மாதத்தில் ஆமதாபாதில் வெயில் 46 டிகிரியைத் தாண்டி, நூற்றுக்கணக்கானவர்கள் மாண்டபிறகு, அந்த நகரம் 2013-ல் வெயிலுக்கென்று ஒரு திட்டம் வகுத்தது. நம் தமிழக அரசும் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதில் இறப்பவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்று சொல்லியிருக்கிறது. நல்ல காரியம். ஆனால் பின்னறையில் வறண்டு, தலைசுற்றி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து, படுத்த படுக்கையாகி மூன்று மாதம் கழித்துப் போகிற கிழவியை எந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள்? "வயசாயிடுத்து, கல்யாணச் சாவு" என்று நாமே பட்டியலிலிருந்து அடித்துவிடுகிறோம். பாரிஸில் பலர் ஆள் இல்லாத வீட்டில் இறந்தார்கள். இங்கே கூப்பிடு தூரத்தில் மகன் இருக்கும்போதே இது நடக்கிறது. எது பெரிய வெட்கம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கடைசிச் சமாதானத்தைப் பெரும்பாலும் யாரும் வாயால் சொல்வதில்லை, நடத்தையால் சொல்கிறார்கள். அது மருமகளின் வேலை. என் நண்பர் ஒருவர், நன்றாகப் படித்தவர், பெண் விடுதலையைப் பற்றி மேடையில் உருக்கமாகப் பேசுகிறவர், "நான் ஆபீஸ் போயிடறேன், அவள்தானே பார்த்துக்கணும்?" என்றார். அவளும் ஆபீஸ் போகிறாள். தன் தாய்க்கு ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் கொடுப்பதற்கு ஒரு ஆண்பிள்ளைக்கு என்ன பயிற்சி வேண்டும்? எத்தனை தடவை சிறுநீர் போனாள் என்று கேட்பதில் என்ன கௌரவக் குறைச்சல்? நம் சிறுநீரையெல்லாம் புடவைத் தலைப்பால் துடைத்தவள்தானே அவள்! தாய்ப்பாசத்தைப் பற்றிப் பேசுவதில் நம்மை மிஞ்ச ஆள் கிடையாது. தாயின் கழிப்பறைப் படியைப் பார்க்கத்தான் நமக்கு நேரம் கிடைப்பதில்லை.

சண்டை போட்டாயிற்று. என்ன செய்யவேண்டும் என்று சொல்லாமல் போனால் அது நியாயமல்ல.

ஐரோப்பாவின் ஊட்டச்சத்து மருத்துவர்கள் ஒரு கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். வயதான பெண்களுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 1.6 லிட்டர், ஆண்களுக்கு 2 லிட்டர். இது ஆகாரத்தில் இருக்கும் நீர் போக, பானமாகவே. அதுவும் அவர்கள் ஊர்க் கணக்கு. நம் அக்கினி நட்சத்திரத்தில் வியர்வைக்குத் தகுந்தபடி கூடும். அதில் எனக்குப் பிடித்தது அந்த வாக்கியம்தான். முதியவர்கள் இவ்வளவு குடிக்கவேண்டும் என்று அவர்கள் சொல்லவில்லை. முதியவர்களுக்கு இவ்வளவு கொடுக்கவேண்டும் என்று சொல்கிறார்கள். பொறுப்பு யாருடையது என்பது அந்த ஒரு வினைச்சொல்லில் தெரிந்துவிடுகிறது. ஒரு எச்சரிக்கை: இருதயம் பலவீனமானவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் டாக்டர் அளந்து சொன்ன அளவுதான் வேதவாக்கு. என் பேச்சைக் கேட்டு அதை மீறவேண்டாம். நீர் பிரியும் மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். கோடை வந்துவிட்டது, அளவை மாற்றவேண்டுமா என்று டாக்டரிடம் போய்க் கேளுங்கள்.

ஒன்றரை லிட்டரை ஒரே பாட்டிலாக எதிரே வைத்தால் யாருக்கும் மலைப்பாகத்தான் இருக்கும். அதைப் பத்துச் சிறு டம்ளராகப் பிரித்தால் ஒன்றுமே இல்லை. எழுந்ததும் ஒன்று. மாத்திரையோடு ஒரு மடக்கு அல்ல, முழு டம்ளர். பதினொரு மணிக்கு நீர்மோர். மூன்று மணிக்குக் காப்பி. ஆம், காப்பியும் நீர்தான். அளவாகக் குடிக்கும் காப்பியால் உடம்பு வறண்டுவிடாது. இதைச் சொல்லிப் பெரியவர்களின் காப்பியைப் பிடுங்கும் புண்ணியவான்கள் கவனிக்கவும். கஞ்சி, ரசம், தர்பூசணி எல்லாம் கணக்கில் சேரும். சர்க்கரைக்காரர்களுக்குப் பானகம் வேண்டாம். ரத்த அழுத்தக்காரர்களின் மோரில் உப்பைக் குறையுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இளநீரும் ஆகாது. பெரும்பகுதியைச் சாயங்காலத்துக்கு முன்பே கொடுத்துவிட்டால் இரவில் எழும் தொல்லை குறையும். அதற்காக இரவுத் தண்ணீரை அடியோடு நிறுத்திவிடாதீர்கள்.

அறிகுறிகளையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். தோலைக் கிள்ளிப் பார்ப்பது குழந்தைகளுக்குச் சரி. முதியவர்களின் தோல் எப்போதும் தளர்ந்தே இருப்பதால் அது பொய் சொல்லும். நாக்கு வறண்டிருக்கிறதா, சிறுநீர் குறைந்துவிட்டதா, எழுந்தால் தலை சுற்றுகிறதா, எல்லாவற்றையும்விட முக்கியமாக, நேற்றுவரை தெளிவாகப் பேசியவர் இன்றைக்குத் திடீரென்று தடுமாறுகிறாரா என்று பாருங்கள். 'வயசாச்சு' என்று மட்டும் சொல்லாதீர்கள். வயசு ஒரே நாளில் ஆகிவிடாது. உடனே டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.

எங்கள் வீட்டில் படி போய்விட்டது. கைப்பிடி வந்தது. மூடி இறுகின பாட்டில் போய், மேலே தட்டு மூடிய ஒரு கூஜா வந்தது. கட்டில் தலைமாட்டில் ஒரு பித்தளை மணி இருக்கிறது. இரவில் அதை அடித்தால் நான் எழுந்திருக்கவேண்டும், என் மனைவி அல்ல என்பது ஒப்பந்தம். மொத்தச் செலவு நான் தண்ணீர்ப் பந்தலுக்குக் கொடுத்ததைப்போல எட்டு மடங்கு. என் தூக்கம் கெட்டது உண்மைதான். அந்த நாவல் இன்னமும் ஏழாம் அத்தியாயத்தில்தான் நிற்கிறது. தமிழ் இலக்கியத்துக்கு இதனால் பெரிய நஷ்டம் வந்துவிடவில்லை.

"என்னைத் தண்ணியிலேயே முக்கி எடுக்கப்போறியாடா?" என்று அம்மா சலித்துக்கொள்கிறாள். சலிப்பில் கொஞ்சம் சந்தோஷமும் கலந்திருக்கிறது. வேணுமா என்று நான் இப்போது கேட்பதில்லை. இரண்டு டம்ளரோடு போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றை நான் குடிக்கிறேன். பேச்சு வாக்கில் மற்றொன்றை அவள் குடித்துவிடுகிறாள். எதிரே ஒருவன் குடிக்கும்போது தானும் குடிப்பது சுலபமாக இருக்கிறது. தனியாக உட்கார்ந்து குடிக்கும் தண்ணீர் அவளுக்கு மருந்தைப்போல இருந்ததோ என்னவோ.

ஆடி அமாவாசைக்கு என் தகப்பனாருக்குத் தர்ப்பணம் செய்கிறேன். எள்ளும் தண்ணீரும் இறைக்கும்போது பித்ருக்களின் தாகம் தீரட்டும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். தீருமோ என்னவோ, நம்பிக்கையோடு செய்கிறேன். எங்கள் பூஜை அலமாரியில் கங்கைச் சொம்பும் இருக்கிறது. கடைசி மூச்சின்போது வாயில் விடுவதற்கென்று பத்து வருஷமாக ஈயம் வைத்து மூடியபடி காத்திருக்கிறது. செத்தவர்களின் தாகத்தையும் சாகப்போகிறவர்களின் தாகத்தையும் இவ்வளவு அக்கறையாக நினைத்து வைத்திருக்கும் நாம், நடுவிலே உயிரோடு இருப்பவர்களின் தாகத்தை மட்டும் அவர்களே கேட்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

உங்கள் வீட்டிலும் ஒரு பின்னறை இருக்கும். இந்தப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு இப்போதே போங்கள். வேணுமா என்று கேட்காதீர்கள். எள் வேண்டாம், மந்திரம் வேண்டாம். ஒரு டம்ளர் தண்ணீரோடு போய்ப் பக்கத்தில் உட்காருங்கள். குடித்து முடித்தபிறகு, கழிப்பறைக்குப் போகும் வழியை அவர்களோடு கூடவே ஒரு தடவை நடந்து பாருங்கள்.